2010 ஃபைனல்ல ஸ்பெயின் லெஃப்ட் பேக் யாரு, கப்டெவிலா வெறும் லக்ல வந்தவரா?

உங்க கேள்வியைச் சுருக்கிச் சொன்னா இதுதான்: 2010 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஃபைனலை இப்பதான் முழுசா உக்காந்து பாத்திருக்கீங்க, ஸ்பெயின் லெவன்ல பத்து பேரைப் பாத்த உடனே தெரிஞ்சிருச்சு, லெஃப்ட் பேக்ல, அதாவது இடது பக்க டிஃபெண்டரா, 11-ம் நம்பர் போட்டு நின்ன ஜோன் கப்டெவிலாவை மட்டும் தெரியல, தேடிப் பாத்தா நாலு வருஷம் கழிச்சு நம்ம இந்தியன் சூப்பர் லீக்ல (ஐஎஸ்எல்) குவாஹாட்டி டீமுக்கு ஆடுனதா வருது, ரெண்டும் ஒரே ஆளா, அவ்ளோ பெரிய டீம்ல இவரு எப்படி வந்தாருன்னு கேட்டிருக்கீங்க. ஒரே ஆள்தான், அந்தக் கேள்வி இதோட முடிஞ்சுது. ஆனா நீங்க உள்ளுக்குள்ள கேக்கறது, இவரு மத்தவங்க புண்ணியத்துல மெடல் வாங்குன ஆளா இல்ல நிஜமாவே சரக்கு இருந்துச்சாங்கறதுதான்னு நினைக்கறேன், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

என்னைப் பத்தி ஒரு வரி சொல்லிடறேன், அப்பதான் எதை எவ்ளோ நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். நான் ஜில்லா லீக்ல வருஷக்கணக்கா லெஃப்ட் பேக்கா ஆடுனவன், இப்ப ஸ்கூல் பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறேன், ஸ்பானிஷ் லீக்கை ராத்திரி முழிச்சுப் பாக்கற வியாதி ரொம்ப காலமா உண்டு. அதனால லெஃப்ட் பேக்குங்க மேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி, அதைக் கழிச்சுட்டுப் படிங்க. இன்னொண்ணு, நான் பாத்ததெல்லாம் டிவில. டிவி கேமரா பந்து பின்னாடியே ஓடும், லெஃப்ட் பேக் பாதி நேரம் படத்துலயே இருக்க மாட்டாரு. அதனால அவரு எங்க நின்னாருன்னு நான் சொல்றதுல கொஞ்சம் ரெக்கார்டு, கொஞ்சம் என் கணிப்பு, எது எதுன்னு அங்கங்க சொல்லிட்டே போறேன்.

ஆளு பொறந்தது 1978 பிப்ரவரி 3, கேட்டலோனியால லேரிடா ஜில்லால தாரெகாங்கற சின்ன ஊரு. அதே ஜில்லால அதே வருஷம் ஏப்ரல்ல பொறந்தவர் கார்லெஸ் புயோல். ஒருத்தர் பார்சிலோனாவுக்குப் போனாரு, இவரு அதே சிட்டில ரெண்டாவது கிளப்பான எஸ்பான்யோலுக்குப் போனாரு, அந்த ஒரு திருப்பத்துலயே யாரு பேரு உலகத்துக்குத் தெரியணும்னு முக்கால்வாசி முடிவாயிருச்சுன்னு நான் சொல்லுவேன். 1998-99 சீசன்ல எஸ்பான்யோல் சீனியர் டீம்ல இடம் பிடிச்சாரு, ஒரே சீசன்ல அட்லெடிகோ மாட்ரிட் தூக்கிட்டுப் போச்சு. அங்கதான் கொடுமை. அந்த 1999-2000 சீசன்ல அட்லெடிகோ கிளப் நிர்வாகமே கோர்ட் கையில போயி, டீம் ரெண்டாவது டிவிஷனுக்கு இறங்கிருச்சு. அது பத்தாதுன்னு அதே சீசன் கோபா டெல் ரே, அதாவது ஸ்பெயின் கிளப்புங்களோட நாக்அவுட் கப், அதோட ஃபைனல்ல அட்லெடிகோவைத் தோக்கடிச்சு கப்பைத் தூக்குனது யாருன்னா எஸ்பான்யோல், அதாவது அவரு விட்டுட்டு வந்த டீம்!

அதுக்கப்புறம் டெபோர்ட்டிவோ லா கொருன்யா. ஸ்பெயினோட வடமேற்கு மூலைல கடலோரமா இருக்கற ஊரு, 2000-ல லீக்கையே ஜெயிச்ச டீம். மொலினா, வலெரோன் ரெண்டு பேரோட இவரும் அட்லெடிகோல இருந்து அங்க போயி ஏழு சீசன் இருந்தாரு. இன்னைக்கு டெபோர்ட்டிவோன்னா பசங்க யாருன்னு கேப்பாங்க, ஆனா அந்த நாலஞ்சு வருஷம் அவங்க நிஜமான பெரிய டீம், ரெண்டு தடவை லீக்ல ரெண்டாவது இடம், 2002-ல மாட்ரிட் பெர்னபேயு கிரவுண்டுலயே ரியல் மாட்ரிடை ஃபைனல்ல அடிச்சு கோபா டெல் ரே, 2004-ல மிலன்கிட்ட 4-1 தோத்துட்டு வந்து வீட்டு கிரவுண்டுல 4-0 அடிச்சு சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல். இதுல கப்டெவிலா பங்கை நான் ஊதிப் பெருசாக்க விரும்பல. ஆரம்பத்துல அந்த டீமோட ரெகுலர் லெஃப்ட் பேக் ரொமேரோ, இவரு இடத்துக்குப் போட்டி போட்டுட்டு இருந்தவர், மெதுவாதான் ரெகுலர் ஆனாரு. நல்ல உயரம், நல்ல உடம்பு, இடது கால்ல கனமான ஷாட், கிராஸும் சுத்தமா போகும். வேகம்னு பாத்தா சுமார்தான்.

ஸ்பெயின் டீம் கதையும் இப்படித்தான் இழுத்துச்சு. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி வாங்குன டீம்ல இருந்தாரு, ஃபைனல்ல கேமரூன்கிட்ட பெனால்டில தோத்த அந்த டீம். அந்த டீம்ல இருந்த சாவி, புயோல், மார்ச்சேனா, இவரு, இந்த நாலு பேரும் பத்து வருஷம் கழிச்சு வேர்ல்ட் கப் மெடல் வாங்குனாங்கங்கறது பல பேருக்கு ஞாபகம் இல்ல. 2002-ல சீனியர் டீமுக்கு வந்தாச்சு, 2004 யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளோட கப்புக்கு, கூட்டிட்டுப் போனாங்க, பெஞ்சுலயே உக்கார வச்சாங்க, 2006 வேர்ல்ட் கப்புக்கு கூப்பிடவே இல்ல, அந்த இடத்துல பெர்னியாவும் அன்டோனியோ லோபஸும் போனாங்க. அப்ப அவருக்கு வயசு 28. நம்ம ஊரு கணக்குப்படி பாத்தா இதோட கதை முடிஞ்சுதுன்னுதான் சொல்லுவோம்.

அங்க இருந்துதான் திருப்பம். 2006 வேர்ல்ட் கப் முடிஞ்சு ஸ்பெயின் நார்தர்ன் அயர்லாந்துகிட்ட தோத்து, ஸ்வீடன்கிட்ட தோத்து, ருமேனியாகிட்ட ஃப்ரெண்ட்லி மேட்ச்லயும் தோத்து, கோச் அரகோனேஸைத் திட்டாத பேப்பரே இல்லங்கற நிலைமை. அவரு ராவுலை ஓரங்கட்டிட்டு சாவி, இனியெஸ்டாவைச் சுத்தி டீமை மாத்திக் கட்டுனாரு. அந்தக் கட்டுமானத்துல லெஃப்ட் பேக் வேலைக்கு 2007-ல செட் ஆனவர்தான் கப்டெவிலா. அதே வருஷம் டெபோர்ட்டிவோவை விட்டு வில்லாரியலுக்கு மாறுனாரு, நவம்பர்ல ஸ்வீடனை 3-0 ஜெயிச்ச குவாலிஃபையர்ல முதல் கோல் இவரோடதுதான்.

2008 யூரோல இவரு பண்ண ஒரு விஷயத்தை மட்டும் கிட்ட இருந்து காட்டறேன், ஏன்னா நான் பசங்களுக்கு இதைப் போட்டுக் காட்டுவேன். ஸ்வீடனோட ரெண்டாவது லீக் மேட்ச், இன்ஸ்ப்ரூக் கிரவுண்டு. டோரஸ் ஒண்ணு போட்டாரு, இப்ராஹிமோவிச் திருப்பிட்டாரு, 1-1, தொண்ணூறு நிமிஷமும் முடிஞ்சுபோச்சு. ஸ்பெயின்னா பத்து பாஸ் போட்டு வருவாங்கன்னு ஸ்வீடன் மொத்தமும் எதிர்பாத்துட்டு நிக்குது. பந்து இடது பக்கம் கப்டெவிலா கால்ல. அவரு பக்கத்துல குடுக்காம, ஒரே தூக்கு, நீளமா டிஃபென்ஸ் பின்னாடி இருக்கற காலி இடத்துக்கு. வில்யா ஒரு டிஃபெண்டரைத் தாண்டிட்டு ஓடி கீப்பரைத் தாண்டிப் போட்டாரு, 92-வது நிமிஷம், 2-1. குட்டிக் குட்டி பாஸ் போட்டே ஆடற டிகி டாக்கா டீமோட அந்த டோர்னமென்டையே லேசாக்குன கோல் ஒரு லாங் பால்ல வந்துச்சு. அந்த ஜெயிப்பாலதான் மூணாவது மேட்ச்ல கிரீஸோட மெயின் டீமுக்கு ரெஸ்ட் குடுக்க முடிஞ்சுது, கப்டெவிலாவும் அன்னைக்கு ஆடல. எங்க பசங்ககிட்ட நான் கேக்கறது, 'அவரு பந்தை வாங்கறதுக்கு முன்னாடியே நிமிந்து பாத்தாரா இல்லையா?' அப்படிப் பாத்திருந்தாத்தான் அந்த பந்தைப் போட முடியும்.

சரி, லக்கா இல்லையாங்கற இடத்துக்கு வர்றேன். இதுக்கு அந்த டீம் எப்படி ஆடுச்சுன்னு புரிஞ்சுக்கணும். ஸ்பெயின்ல இடது பக்கம் விங்கர்னு பேருக்கு ஒருத்தர் இருப்பாரு, ஆனா அது இனியெஸ்டாவா இருக்கட்டும், 2010-ல முதல் அஞ்சு மேட்ச்ல அடிக்கடி அங்க நின்ன வில்யாவா இருக்கட்டும், யாரும் சைடு லைன் கோட்டை ஒட்டி நிக்கற ஆளுங்க இல்ல, பந்து வந்ததும் நடுவுல போயிருவாங்க. எல்லாரும் நடுவுலயே போயிட்டா எதிர் டீம் டிஃபென்ஸும் நடுவுல சுருங்கிக்கும், அப்புறம் சாவிக்கு பாஸ் போட சந்து கிடைக்காது. அப்ப அந்தக் கோட்டை ஒட்டி ஒருத்தர் ஏறி நின்னே ஆகணும், பந்து வருதோ வரலையோ. அதுதான் கப்டெவிலா வேலைல பாதி. பத்து தடவை ஏறி ஓடுனா ரெண்டு தடவைதான் பந்து வரும், மீதி எட்டு தடவை எதிர் டீம் ரைட் பேக்கைத் தன் பின்னாடி இழுத்துட்டுப் போறதுக்காக மட்டும் ஓடணும், பிறகு அதே தூரம் திரும்பி ஓடணும்.

மீதிப் பாதி இன்னும் கஷ்டம். வலது பக்கம் செர்ஜியோ ராமோஸ் இருக்காரே, அவரு ஒரு தடவை மேல போனா எப்ப திரும்புவாருன்னு யாருக்கும் தெரியாது, அன்னைக்கு அவரு அந்த வயசு. ராமோஸ் மேல போயிட்டா பின்னாடி பிகே, புயோல் ரெண்டு பேர்தான். அந்த நேரம் கப்டெவிலா மேல போகாம உள்ள ஒடுங்கி மூணாவது ஆளா நிக்கணும். எப்ப ஏறணும் எப்ப நிக்கணும்னு எதிர்ப்பக்கம் ராமோஸைப் பாத்து முடிவு பண்ணணும். கபடில கார்னர் நிக்கிறவன் தன் இஷ்டத்துக்கு பாஞ்சா மொத்த செயினும் உடைஞ்சுரும் இல்லையா, அது மாதிரி. இதுல ராமோஸ் ஏறிட்டே இருந்தாருங்கறது எல்லாரும் பாத்த விஷயம். கப்டெவிலா அவரைப் பாத்துதான் நின்னாருங்கறது அவரு நின்ன இடத்தை வச்சு நான் பண்ற ஊகம், கோச்சிங் கண்ணோட திரும்பத் திரும்பப் பாத்ததுல அப்படித்தான் தெரியுது.

ரெக்கார்டு என்ன சொல்லுதுன்னும் பாத்துருவோம். 2008 யூரோ நாக்அவுட்ல மூணு மேட்ச்: இத்தாலி, ரஷ்யா, ஜெர்மனி. 2010 வேர்ல்ட் கப் நாக்அவுட்ல நாலு: போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, ஹாலந்து. மொத்தம் ஏழு நாக்அவுட் மேட்ச், ஸ்பெயின் வாங்குன கோல் சைபர். இந்த ஏழுலயும் லெஃப்ட் பேக் ஒரே ஆள்தான். 2010-ல ஏழு மேட்ச்ல மொத்தமே ரெண்டு கோல்தான் வாங்குனாங்க, சுவிட்சர்லாந்து ஒண்ணு, சிலி ஒண்ணு, கப்டெவிலா அந்த ஏழுலயும் ஒரு நிமிஷம் கூட வெளிய உக்காரல, காசியாஸும் பிகேயும் மாதிரி. டிஃபென்ஸ் நம்பர்னா அதுல கீப்பருக்கும் பந்தையே விடாத மிட்ஃபீல்டுக்கும் பெரிய பங்கு உண்டு, பராகுவே மேட்ச்ல காசியாஸ் கார்டோசோ பெனால்டியைப் பிடிக்கலன்னா இந்த சைபரே இல்ல, அதை மறைக்கல. ஆனா லெஃப்ட் பேக் ஓட்டையா இருந்திருந்தா அந்த ஓட்டையை ஏழு மேட்ச்ல ஒரு கோச்சாவது கண்டுபிடிச்சிருப்பாரு.

போர்ச்சுகல் மேட்ச்ல இன்னொரு வேடிக்கை. கடைசில ரிகார்டோ கோஸ்டா ரெட் கார்டு வாங்குனாரே, அது கப்டெவிலாவை முழங்கையால இடிச்சாருன்னு குடுத்தது. இடிச்சாரா இல்ல நம்மாளு கொஞ்சம் சேத்து விழுந்தாரான்னு அன்னைக்கே சண்டை. நானும் பல தடவை பாத்துட்டேன், அவ்ளோ வேகமா விழற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. இதெல்லாம் வெட்கமில்லாத லெஃப்ட் பேக் புத்தி, எனக்கு அது நல்லாவே தெரியும்.

இப்ப நீங்க பாத்த ஃபைனல். 2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க். கப்டெவிலாவுக்கு எதிர்ல ரோபன். ரோபன் வலது பக்கம் நிக்கற இடது கால் ஆட்டக்காரர், எல்லாருக்கும் தெரியும் அவரு உள்ள வெட்டி வந்து இடது கால்ல அடிப்பாருன்னு, தெரிஞ்சும் யாராலயும் தடுக்க முடியாது. இதுல லெஃப்ட் பேக்குக்கு ஒரு சங்கடம் இருக்கு. அவரும் இடது கால் ஆளு, ரோபன் உள்ள வெட்டும்போது பந்து இவரோட வலது கால் பக்கம் போகும், அதாவது இவரோட சோத்தாங்கால் பக்கம். இடது கால் ஆளுக்கு சோத்தாங்கால் வீக்கு. அதுக்கு இருக்கற ஒரே வழி, உடம்பை உள்பக்கமா சாய்ச்சு நின்னு உள்ள வர்ற வழியை முன்கூட்டியே அடைச்சு, 'கோட்டுப் பக்கம் போ ராசா'ன்னு வெளி வழியைத் திறந்து விடறது. வெளிய போனா ரோபன் வலது கால்ல கிராஸ் போடணும், அது அவருக்குப் பிடிக்காத வேலை. மேட்ச்சை திரும்பப் போட்டு ரோபன் பந்து வாங்கற ஒவ்வொரு தடவையும் கப்டெவிலா இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு மட்டும் பாருங்க. புயோல் பக்கத்துல வந்து நிக்கற வரைக்கும் இவரு கால் விடவே மாட்டாரு.

அப்ப ரோபனுக்கு ரெண்டு பெரிய சான்ஸ் கிடைச்சுதேன்னு கேப்பீங்க. 62-வது நிமிஷம் காசியாஸ் கால்ல பட்டு வெளிய போனது, 83-வது நிமிஷம் புயோல் கிட்டத்தட்ட சட்டையைப் பிடிச்சு இழுத்தும் விடாம ஓடுனது. ரெண்டையும் நிறுத்திப் பாருங்க, ரெண்டுமே நடுவுல, பிகே புயோல் பின்னாடி ஓடுனது. லெஃப்ட் பேக்கைத் தாண்டி விளிம்புல இருந்து வந்தது இல்ல. ரோபனே அன்னைக்கு நடுவுல போயித்தான் இடம் தேட வேண்டியிருந்துச்சுன்னு நான் எடுத்துக்கறேன், ஹாலந்து பிளானே அப்படித்தான்னு ஒருத்தர் சொன்னா அதையும் ஒதுக்க மாட்டேன். கப்டெவிலா 67-வது நிமிஷம் மஞ்சள் கார்டு வாங்குனாரு. ரோபன் எதிர்ல மஞ்சளோட மீதி அம்பது நிமிஷத்துக்கு மேல, எக்ஸ்ட்ரா டைமும் சேத்து, தாக்குப் பிடிக்கணும். லெஃப்ட் பேக்கா ஆடுனவங்களுக்குத்தான் அந்த அம்பது நிமிஷத்தோட வேதனை புரியும், ஒரு தடவை லேட்டா கால் விட்டா வேர்ல்ட் கப் ஃபைனல்ல பத்து பேரு.

ஆளு குறையே இல்லாதவர்னு சொல்ல வரல. 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கப் செமி ஃபைனல், அமெரிக்கா 2-0 ஜெயிச்சுது. 2006 நவம்பர்ல ருமேனியாகிட்ட தோத்ததுக்கு அப்புறம் 35 மேட்ச் தோக்காம வந்த டீமை நிறுத்துன மேட்ச் அது. முதல் கோல் 27-வது நிமிஷம், ஆல்டிடோர் முதுகைக் காட்டி நின்னு, ஒரு டிஃபெண்டரைத் தோள்லயே தள்ளி வச்சுத் திரும்பி அடிச்சாரு. அந்த டிஃபெண்டர் கப்டெவிலா. இதுல கூத்து என்னன்னா ஆல்டிடோர் அப்ப வில்லாரியல் பிளேயர், அதாவது கப்டெவிலாவோட கிளப்மேட். உள்ள ஒடுங்கி மூணாவது சென்டர் பேக்கா நிக்கணும்னு மேல சொன்னேன் பாருங்க, அந்த வேலைல பலமான ஸ்ட்ரைக்கர் எதிர்ல வந்தா இவரு தடுமாறுவாரு, அந்த கோல் அதுக்கு சாட்சி. இவரு டாப் கிளாஸ் சென்டர் பேக்கும் இல்ல, டாப் கிளாஸ் விங்கரும் இல்ல, ரெண்டையும் முக்கால்வாசி பண்ணத் தெரிஞ்ச ஆளு.

லக் சமாச்சாரத்துல உங்க சந்தேகத்துல ஒரு நியாயம் இருக்கு. அந்தக் காலத்துல ஸ்பெயின்ல மிட்ஃபீல்டர் வேணும்னா தடுக்கி விழுந்தா ஒருத்தர் கிடைப்பாங்க, இயற்கையான இடது கால் லெஃப்ட் பேக் மட்டும் பஞ்சம். 2010 ஸ்குவாடுல இவருக்கு மாத்து யாருன்னா அர்பெலோவா, அவரு வலது கால் ஆளு. ஜோர்டி ஆல்பா ஒரு மூணு வருஷம் முன்னாடி பொறந்திருந்தா கப்டெவிலா 2010-ல ஆடியிருப்பாரான்னு எனக்கே சந்தேகம்தான். ஆல்பா 2011-ல டீமுக்குள்ள வந்தாரு, 2012 யூரோ ஃபைனல்ல இத்தாலிக்கு எதிரா கோலே போட்டாரு, அதுக்கப்புறம் கப்டெவிலா பேரை யாரும் எடுக்கல. ஆக போட்டி கம்மியா இருந்தது நிஜம். ஆனா போட்டி கம்மியா இருந்த அதே இடத்துக்கு 2006-ல வேற ரெண்டு பேரு போனாங்க, அவங்களால நிலைச்சு நிக்க முடியல. இவரு 60 மேட்ச் ஆடி, ரெண்டு வெவ்வேற கோச்சுகிட்ட, அரகோனேஸ், அப்புறம் டெல் போஸ்கே, ரெண்டு பேருக்கும் முதல் சாய்ஸா இருந்தாரு. கோச் மாறுனா முதல்ல காலியாகறது இப்படிப்பட்ட ஆளுங்கதான், இவரு காலியாகல.

இன்னொண்ணும் யோசிங்க. ஃபைனல் லெவன்ல ஆறு பேர் பார்சிலோனா, மூணு பேர் ரியல் மாட்ரிட், வில்யா வலென்சியாவை விட்டு பார்சிலோனாவுக்கு கையெழுத்துப் போட்டு முடிச்சாச்சு. மிச்சம் இருந்த ஒரே ஆளு வில்லாரியல் கப்டெவிலா. வில்லாரியல் ஊரு சுமார் அம்பதாயிரம் பேரு இருக்கற டைல்ஸ் ஃபேக்டரி ஊரு, ஆனா டீமைக் குறைச்சு எடை போடாதீங்க, இவரு போன முதல் சீசன், 2007-08, பெயெக்ரீனி கோச்சிங்ல 77 பாயின்ட் எடுத்து பார்சிலோனாவையே பத்து பாயின்ட் தள்ளி விட்டு லீக்ல ரெண்டாவது வந்துச்சு. அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் குவார்ட்டர் ஃபைனல். 2008 யூரோ ஜெயிச்ச ஸ்குவாடுல மூணு வில்லாரியல் ஆளுங்க, சென்னா, கசோர்லா, இவரு. பேரு வெளிய வராததுக்கு ஆட்டத்தைவிட அட்ரஸ்தான் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன்.

2011-ல வில்லாரியலை விட்டு பென்ஃபிகா போனாரு, அது சரியா அமையல. கோச் ஜோர்ஜே ஜெசுஸ் பிரேசில்காரர் எமர்சனை முதல் சாய்ஸா வச்சாரு, சாம்பியன்ஸ் லீக் லிஸ்ட்லயே கப்டெவிலா பேரைச் சேக்கல, வேர்ல்ட் கப் ஜெயிச்சு ஒரு வருஷம் ஆனவரு ஸ்டாண்டுல உக்காந்து பாத்தாரு. எமர்சன் அவ்ளோ ஒசத்தியான்னு பென்ஃபிகா ரசிகர்களே அப்ப முணுமுணுத்தாங்க, இருந்தாலும் 33 வயசுல இவரோட கால் குறைஞ்சிருச்சுங்கறதையும் பாக்கணும், கோட்டை ஒட்டி ஏறி இறங்கற வேலைக்கு கால் போனா மூளை மட்டும் வச்சு ஓட்ட முடியாது. 2012-ல ஆரம்பிச்ச இடமான எஸ்பான்யோலுக்கே திரும்பி ரெண்டு சீசன் ஆடுனாரு.

அப்புறம்தான் நீங்க பாத்த ஐஎஸ்எல். 2014 முதல் சீசன், நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜான் ஆபிரகாம் டீம், வீட்டு கிரவுண்டு குவாஹாட்டி. அந்த வருஷம் ஒவ்வொரு டீமுக்கும் ஒரு மார்க்கீ பிளேயர், அதாவது டீமோட முகமா நிக்கற பெரிய பேரு: டெல்லிக்கு டெல் பியரோ, புனேக்கு ட்ரெசெகே, கோவாவுக்கு பிரஸ், மும்பைக்கு யூங்பெர்க், கொல்கத்தாவுக்கு லூயிஸ் கார்சியா, கேரளாவுக்கு டேவிட் ஜேம்ஸ், நம்ம சென்னையினுக்கு எலானோ, குவாஹாட்டிக்கு இவரு. எட்டு பேர்ல போஸ்டர்ல ஆளு அடையாளம் தெரியாதது இவரைத்தான். ஆனா அந்த எட்டு பேர்ல வேர்ல்ட் கப் ஃபைனல்ல முதல் நிமிஷத்துல இருந்து கடைசி வரைக்கும் ஆடி ஜெயிச்சவர் இவரு ஒருத்தர்தான்! டெல் பியரோ 2006 ஃபைனல்ல சப்ஸ்டிடியூட்டா இறங்குனவர், ட்ரெசெகேயும் பிரஸும் 1998 ஃபைனல்ல பெஞ்சு. சென்னையின்ல மாட்டராஸி இருந்தாரே, அவரு 2006 ஃபைனல்ல ஆடுனாரேன்னு சண்டைக்கு வராதீங்க, அவரு பிளேயர்-கோச்சா வந்தவரு, மார்க்கீ கணக்குல வர மாட்டாரு.

குவாஹாட்டி கோச் ரிக்கி ஹெர்பர்ட். இவரு 2010 வேர்ல்ட் கப்ல நியூசிலாந்து கோச், அந்த டோர்னமென்ட்ல ஒரு மேட்ச்கூட தோக்காத ஒரே டீம் நியூசிலாந்து, மூணும் டிரா. ஸ்பெயினே முதல் மேட்ச்ல தோத்துச்சு. தோக்காத டீம் கோச்சும் கப் ஜெயிச்ச டீம் லெஃப்ட் பேக்கும் சேந்து குவாஹாட்டில நின்னாங்க, முதல் மேட்ச்ல கேரளாவை 1-0 ஜெயிச்சாங்க, கடைசில எட்டு டீம்ல எட்டாவது இடம். அப்ப கப்டெவிலாவுக்கு வயசு 36, வேகம் கிட்டத்தட்ட போயிருந்துச்சு, ஆனா எங்க நிக்கணுங்கறதுல கை தேர்ந்த ஆளுன்னு பாத்த உடனே தெரிஞ்சுது, பக்கத்துல நின்ன பசங்களைக் கை காட்டிக் காட்டி நகத்திட்டே இருப்பாரு. காசுக்கு வந்தாரான்னு கேட்டிருக்கீங்க. 36 வயசுல ரெண்டு மாச டோர்னமென்டுக்கு யாரு வந்தாலும் காசு ஒரு காரணம்தான், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா காசு மட்டும்தான்னா அதோட நிறுத்தியிருக்கலாம். அவரு அதுக்கப்புறம் பெல்ஜியத்துல லியர்ஸ, பிறகு ஆண்டோராவுல சாண்டா கொலோமான்னு போயி ஆடிட்டுத்தான் பூட்ஸைக் கழட்டுனாரு. ஆண்டோரா லீக்ல என்ன பெரிய சம்பளம் இருக்கப் போகுது சொல்லுங்க. ஸ்பெயின் டிஃபெண்டருங்க இங்க வர்றதுக்கு இவருதான் வழி போட்டாருன்னு சொல்ல மாட்டேன், ஆனா அடுத்த வருஷம் மார்ச்சேனா கேரளாவுக்கு வந்தாரு, அப்புறம் இன்யிகோ கால்டெரோன் சென்னையினுக்கு வந்து 2017-18 கப்பையே ஜெயிச்சாரு, கால்டெரோனைப் பத்தி யாராவது தனியா கேட்டா அதையும் எழுதறேன்.

நீங்க எந்த மேட்ச் பாக்கலாம்னு கடைசில கேட்டிருக்கீங்க. ஃபைனலை விட 2010 செமி ஃபைனல், டர்பன்ல ஜெர்மனி மேட்ச், அதைப் பாருங்க. முல்லருக்கு சஸ்பென்ஷன், அவரு இடத்துல ட்ரொகோவ்ஸ்கி, பின்னாடி இருந்து லாம் ஏறி வர்ற பக்கம், அதாவது ஜெர்மனியோட நல்ல பக்கமே கப்டெவிலா எதிர்லதான். எல்லாரும் அதுல 73-வது நிமிஷம் புயோல் தலையால அடிச்ச கோலைத்தான் தேடிப் பாப்பாங்க, நீங்க அதை விட்டுட்டு ஃபர்ஸ்ட் ஹாஃப்ல லாம் நடுக்கோட்டைத் தாண்டி எத்தனை தடவை நிம்மதியா வந்தாருன்னு எண்ணுங்க. ஹைலைட்ஸ்ல தெரியாது, முழு மேட்ச் வேணும். எண்ணிட்டு வந்து இங்க போடுங்க, என் கணிப்பு தப்புன்னா அடிச்சுத் திருத்துங்க.